வேலிக்குள்ளால் போன வயர்

"தம்பி, உம்மடை மிசின் திரும்பவும் நித்திரை," என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நமசிவாயம் அண்ணையின் குரல் கேட்டது.

தியாகலிங்கம் தலையில் கை வைத்தார். திருநெல்வேலியில் ரியூசன் கொடுக்கும் கணக்கு வாத்தியார் அவர். லண்டனில் இருக்கும் தமையன் ஒரு கொம்பியூட்டர் அனுப்பியிருந்தான். பார்த்தால் வெறும் கீபோட் போலத்தான் இருக்கும். மிசின் முழுக்க அதற்குள். அது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்யும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாயைச் சும்மா விடலாமா? தென்னோலைக் கிடுகு வேலிக்குள்ளால் ஒரு வயரை விட்டு, பக்கத்து வீட்டு மேசையில் இன்னொரு கீபோட்டும் திரையும் வைத்தார். இங்கே பிள்ளைகளின் மார்க்ஸ் கூட்டப்படும். அங்கே அதே மிசினில் நமசிவாயம் அண்ணை சாதகப் பொருத்தம் பார்ப்பார்.

கம்பஸ் புரொபசர் அருளம்பலம் இதை ஒருநாள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் கம்பஸ் கொம்பியூட்டர் அறையில் வேலை. அந்த வேலைக்காகத் தியாகலிங்கம் அலையாத அலைச்சல் இல்லை.

ஆனால் இரண்டு பக்கமும் தட்டினால் மிசின் நத்தையாகிவிடும்.

முதலில் ஆளுக்குப் பாதி நேரம் என்று பிரித்தார். இரண்டு வீட்டிலும் எழுத்துகள் ஒவ்வொன்றாய் வந்தன. அண்ணைக்கு முதலிடம் கொடுத்தார். இங்கே மார்க்ஸ் அப்படியே நின்றது. முதலிடத்தைத் தன் பக்கம் மாற்றினார்.

"ஆயிலியம் பொருந்துமோ எண்டு கேட்டனான். மறுமொழி வரமுன்னம் பொம்பிளைக்கு நரைச்சுப்போம்," என்றார் அண்ணை. "அடுத்த வீட்டானை நம்பினால் உப்பிடித்தான்."

தியாகலிங்கத்துக்குச் சுருக்கென்றது. "அப்ப புரோகிராம் பதிஞ்ச கசற்றைக் கொண்டுபோய் நீங்களே ஓட்டுங்கோவன் அண்ணை."

கோபத்தில் சொன்னதுதான். அண்ணை கசற்றை உண்மையாகவே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதத்தால் மிசின் திடீரென்று பறந்தது.

"அண்ணை, அங்கை எப்பிடி?"

"குதிரை மாதிரி ஓடுது தம்பி."

ஏன் என்று தெரியவில்லை. செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பார்த்தார். அப்போதும் பறந்தது. காரணம் தெரியாத வெற்றி தோல்வியைவிட மோசமாக அவரை அரித்தது. சோறு இறங்கவில்லை.

புரொபசர் வந்தார். அவர் இங்கே மார்க்ஸ் தட்ட, அவருடைய உதவியாளர் அங்கே சாதகம் தட்டினார். இரண்டு வீட்டிலும் விடை உடனே வந்தது.

"எப்பிடி ஐசே செய்தனீர்?"

"அது ஒரு சின்ன நுட்பம், சேர்," என்றார் தியாகலிங்கம். அவருக்கே அது என்னவென்று தெரிந்தால் நல்லது.

"திங்கட்கிழமை வந்து வேலையிலை சேரும். போகமுன்னம் அந்த வயரை ஒருக்காப் பாப்பம்."

வேலியடிக்குப் போனார்கள். நமசிவாயம் அண்ணை அன்று காலமைதான் வேலி அடைப்பிக்கத் தொடங்கியிருந்தார். புதுக் கிடுகுகளுக்கு நடுவே கறுப்பு முடிச்சுகள் தெரிந்தன. கட்டக் கயிறு போதாமல், வேலி அடைத்தவர் வயரைத் துண்டு துண்டாக வெட்டிக் கட்டியிருந்தார்.

புரொபசர் ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தியாகலிங்கத்தைப் பார்த்தார்.

இன்னும் அடைக்காத மூலையால் அண்ணையின் மனைவி சிவக்கொழுந்து எட்டிப் பார்த்தார்.

"உந்த வயரையோ தேடுறியள் தம்பி? அது இனி என்னத்துக்கு? அடுத்த வீட்டு மிசினிலை தொங்கக் கூடாதெண்டு, எங்கடை இவர் மகளிட்டைச் சொல்லிச் சிங்கப்பூரிலையிருந்து அதே மாதிரி ஒண்டு எடுப்பிச்சு, இப்ப ஒரு கிழமையா அதிலைதானே பொருத்தம் பாக்கிறார்."