யானையைத் தொட்டால் கழிப்பறை

சென்ற ஆண்டு ஜூலை பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு நான் "முடியும்" என்றேன். யோசிக்காமல் நான் சொன்ன ஒரே சொல் அதுதான். (மற்ற சொற்களை நன்றாக யோசித்து, பிறகு சொல்லாமலே விட்டுவிடுவது என் வழக்கம்.)

"ரெண்டு நாள்ல முடியுமா?" என்று கேட்டவர் எஸ்தர் மிஸ். காஞ்சிபுரத்தில் சிறப்புக் குழந்தைகளுக்கான சிறிய பயிற்சி மையம் ஒன்றை நடத்துகிறார். ஏனாத்தூருக்குப் பேருந்தில் போய் முதுகலைத் தமிழ் படிக்கும் நான், சனிக்கிழமைகளில் அங்கே உதவிக்குப் போவேன். உதவி என்பது பெரும்பாலும் ஓரமாக நின்று எல்லாரையும் பார்த்துப் புன்னகைப்பது.

அந்த வாரம் மையத்துக்கு ஒரு பேசும் விசைப்பலகை வந்திருந்தது. தாம்பாளத்தைவிடப் பெரியது, நான்கு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம். எந்தக் கட்டத்திலும் எந்தச் சொல்லையும் பதிந்துகொள்ளலாம், தொட்டால் பேசும். ஆனால் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். எது என்ன பேசும் என்று காட்டும் படத்தாளைக் கணினியில் நாமே வரைந்து, அச்சிட்டு, மேலே விரிக்க வேண்டும். பிள்ளைக்கு ஏற்றபடி தாள் மாறும்.

இந்தத் தாள் மோனிஷாவுக்கு. எட்டு வயது. பேச்சு வராது. இடக்கை அவள் சொன்னதைக் கேட்காது. வலக்கை, மனம் வைத்தால் கேட்கும். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஐயம்பேட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை அவளைப் பார்க்க வருவதாக இருந்தது. பலகையின் வழியாகப் பதில் சொல்லிவிட்டால், மூன்றாம் வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு உட்காரலாம். இல்லையென்றால், வாரத்துக்கு ஒரு நாள் ஆசிரியர் வீட்டுக்கு வந்துபோகும் பட்டியலில் பெயர் ஏறிவிடும். மற்ற நாள்களில் சுவர்தான் வகுப்புத் தோழி.

"நீதான் பெரிய படிப்பு படிக்கிறியேம்மா. ஒனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார் மோனிஷாவின் அம்மா செல்வி.

என் பெரிய படிப்பில் கணினியின் பங்கு, கட்டுரையைத் தட்டச்சு செய்து ஓரம் விடுவதோடு முடிந்துவிடும் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

திட்டத்தை மட்டும் குறையில்லாமல் தீட்டினேன். மோனிஷாவின் வலக்கைக்கு எட்டும் வலப்பாதியில் அன்றாடத் தேவைகள்: ஆம், இல்லை, தண்ணீர், கழிப்பறை, வலி, மின்விசிறி, போதும். இடப்பாதியில் பாடத்துக்கு உரியவை: விலங்கு, பறவை, எண். எல்லாவற்றுக்கும் குரல் கொடுத்தவள் நானே. "எனக்குத் தாகமாக இருக்கிறது. சற்று நீர் தர இயலுமா?"

"இன்னாமா இது? எம்பொண்ணு ரேடியோவுல செய்தி படிக்கிற மாரி இருக்குது!" என்றார் செல்வி.

அன்று மாலையே காகிதத் துண்டுகளில் படம் கிறுக்கி, கட்டங்களின்மேல் வைத்து ஒரு மணி நேரம் பயிற்சி நடந்தது. மின்விசிறிக் காற்றில் துண்டுகள் பறந்துகொண்டே இருந்தன. பறந்த பிறகும் மோனிஷா வெற்றுக் கட்டத்தையே தொட்டுக்கொண்டிருந்தாள். "படங்களில் கவனம் போதாது" என்று என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வரைய உட்கார்ந்தேன். நான் வரைந்த யானை, தும்பிக்கை முளைத்த உருளைக்கிழங்காக வந்தது. வேறு வழியின்றி எங்கள் தெரு முரளி அண்ணனிடம் போனேன். பட்டுப் புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போடுகிறவர். அவர் கணினியைத் திறந்தால் யானைகள் படைபடையாக நிற்கும். மயிலும் கிளியும் அன்னமும் வேண்டிய நிறத்தில் கிடைக்கும். வேண்டியவற்றை வாங்கி வந்து இடப்பாதியை நிரப்பினேன். வலப்பாதிக்கு அவரிடம் ஒன்றும் கிடைக்கவில்லை. (கழிப்பறைக் கோப்பை போட்ட முகூர்த்தப் புடவையை இதுவரை யாரும் நெய்யவில்லை.) ஆகவே அந்தப் பக்கத்தை நானே வரைந்தேன். இடப்பாதி கல்யாண மண்டபம். வலப்பாதி அதன் கொல்லைப்புறம்.

"அண்ணா, இதப் பெருசா கலர்ல அச்செடுத்து, லேமினேட் பண்ணித் தரணும்."

"இவ்ளோதானேம்மா? நாளைக்குக் காலைல நானே கொண்டாந்து குடுத்துடறேன், போ."

'எதையும் மாற்றிவிடாதீர்கள்' என்று சொல்ல நினைத்தேன். அனுபவசாலியிடம் அப்படிச் சொல்வது மரியாதையாகாது என்று தோன்றவே, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் டிசைன் போடுகிறவர்கள் முழுப் படத்தையும் வரைய மாட்டார்கள். பாதியை வரைவார்கள், மறுபாதியைக் கணினி திருப்பிப் போட்டுவிடும். அதனால்தான் புடவையில் இரண்டு யானைகள் எப்போதும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. காஞ்சிபுரத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். திங்கட்கிழமை பத்து ஐம்பத்தைந்துக்குத்தான் அது என் நினைவுக்கு வந்தது.

தலைமை ஆசிரியை ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டார். முரளி அண்ணன் தாளைப் புடவை உறையில் போட்டு, பணிவோடு என்னிடம் நீட்டினார். தலைமை ஆசிரியையின் எதிரிலேயே உருவினேன். சுற்றிலும் பொன்னிறத்தில் கோபுரக் கரை. இடப்பக்கம் யானை, மயில், கிளி. வலப்பக்கம் அதே கிளி, அதே மயில், அதே யானை, எல்லாம் இடப்பக்கத்தைப் பார்த்தபடி. தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை, ஆம் இல்லை, 'இல்லை'யும் இல்லை.

அந்த இடத்தில், "தாள் தவறு, ஐந்து நிமிடம் கொடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்தே சொற்கள். நான் புன்னகைத்தேன். எஸ்தர் மிஸ் தாளை வாங்கி, நன்றாக இருக்கிறதே என்று மகிழ்ந்து, பலகைமேல் விரித்துவிட்டார்.

"அடடே, பார்டர் எல்லாம் போட்டிருக்கு!" என்றார் தலைமை ஆசிரியை. "பாப்பா, ஆனை எங்க இருக்குது, காட்டு பாக்கலாம்?"

மோனிஷாவின் வலக்கை பக்கத்திலிருந்த யானையைத் தொட்டது.

"நான் கழிப்பறைக்குச் செல்ல வேண்டும்" என்றது பலகை, என் குரலில், எழுத்துக்கு எழுத்து சுத்தமாக.

செல்வி பதறி, மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பியபோது மோனிஷாவின் முகம் கடுகடுவென்றிருந்தது.

"செரி, மயில் எங்க?"

"மின்விசிறியை நிறுத்துங்கள்."

எஸ்தர் மிஸ் நிறுத்தினார். ஜூலை மாதம், எல்லாருக்கும் வேர்த்தது. எனக்கு ஏற்கெனவே வேர்த்துக்கொண்டிருந்தது.

"கிளி?"

"எனக்கு வயிறு வலிக்கிறது."

"அய்யய்யோ, ரெண்டு இட்லிதானே துன்னுச்சு!" என்று செல்வி மகளின் வயிற்றைத் தடவினார். மோனிஷா அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

தலைமை ஆசிரியை பேனாவின் மூடியைக் கழற்றினார். "பாவம், புள்ளைக்கு எது கேட்டாலும் புரியல. வீட்டுலயே வெச்சு சொல்லிக் குடுக்கற லிஸ்ட்டுல போட்டுடலாமா?"

செல்வி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

வாசலில் நின்று தம் வேலையை ரசித்துக்கொண்டிருந்த முரளி அண்ணன்தான் பேசினார். "இன்னாமா, ரெண்டு பக்கமும் கரெக்டா சேந்துக்கிச்சா? நீ பாதிதான் போட்டிருந்த. அந்தப் பக்கம் சும்மா கிறுக்கி வெச்சிருந்தியா, நான் அத எடுத்துட்டுத் திருப்பிப் போட்டுட்டேன்."

யாரும் அவருக்குப் பதில் சொல்வதற்குள் மோனிஷா முழங்கையால் தாளை ஒரு தள்ளு தள்ளினாள். கோபுரக் கரையோடு அது தரையில் போய் விழுந்தது. பலகை வெறுமையாக இருந்தது. அவள் கை ஒரு கட்டத்தில் இறங்கியது.

"இல்லை."

இன்னொரு முறை, "இல்லை."

"இன்னாடா கண்ணு இல்ல?" தலைமை ஆசிரியை முன்னால் குனிந்தார்.

மோனிஷா உடம்பை முழுதும் சாய்த்து, வலக்கையை இடக்கோடிக்கு அனுப்பினாள். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை, "யானை."

பேனா நின்றது. "மயில்?" தொட்டாள். "கிளி?" தொட்டாள். படமே இல்லாத பலகையில், சனிக்கிழமை ஒரு மணி நேரம் பழகிய இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். 'கவனம் போதாது' என்று எழுதிய நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"எங்க ஸ்கூலுக்கு வர்றியா?"

"ஆம்."

"நாளைக்கே ஒம்போது மணிக்குக் கூட்டினு வாங்க. மூணாங்கிளாஸ்" என்றார் தலைமை ஆசிரியை செல்வியிடம். "நல்ல தாளா ஒண்ணு எடுத்துனு வாங்க. இத வெச்சுக்கினு பாடம் நடத்துனா எனக்குத்தான் வயிறு வலிக்கும்."

செல்வி அழுதார். எழுந்து புறப்பட்ட தலைமை ஆசிரியை, என் பக்கம் திரும்பி எஸ்தர் மிஸ்ஸைக் கேட்டார். "இந்தப் பொண்ணு வந்ததுலருந்து சிரிச்சிக்கினே நிக்குதே. இதுக்கும் பேச்சு வராதா?"

எஸ்தர் மிஸ் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இதை வீட்டில் சொன்னது அடுத்த தவறு. எங்கள் வீட்டில் இப்போது யாரும் கழிப்பறைக்குப் போவதில்லை. 'ஆனையைப் பார்த்துவிட்டு' வருகிறார்கள். வெளியூர்ப் பயணம் என்றால் அப்பா வாசலில் நின்று, "எல்லாரும் ஆனையப் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறார். போன மாதம் கோயிலுக்கு வந்த உறவுக்காரப் பெண்மணி, ஆனை எங்கே என்று கேட்க, என் தம்பி முகம் மாறாமல் கட்டணக் கழிப்பிடத்தைக் காட்டினான்.

தலைமை ஆசிரியை வந்துபோன மறுநாள், செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணிக்கு முரளி அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாதியாவே இருக்கட்டும் அண்ணா" என்று நான்கு முறை சொன்னேன். "இவ்ளோ பேசுவியாமா நீ?" என்றார் அவர். தாள் வெளியே வந்ததும் கட்டம் கட்டமாகச் சரிபார்த்து, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்குத் தாளை விளக்கத் தொடங்கினேன். வலப்பாதியின் நோக்கம், இடப்பாதியின் நோக்கம், வரிசைகளின் முறை, ஒவ்வொரு கட்டமும் அங்கே இருப்பதற்கான காரணம். வாய் ஒரு முறை திறந்துவிட்டதால் மூடத் தெரியவில்லை. மணி அடித்தது. நாற்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். நான் தாளின் மூன்றாவது வரிசையில் இருந்தேன்.

மோனிஷாவின் கை மெல்ல நகர்ந்து, வலப்பக்கக் கீழ்க்கோடியில் ஒரு கட்டத்தைத் தொட்டது.

"போதும். தயவுசெய்து நிறுத்துங்கள்" என்றது என் குரல்.

நிறுத்தினேன். ஏனாத்தூர்ப் பேருந்தைப் பிடிக்கப் போனேன்.