முந்திய கை

கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கை நடுங்காது. தாமதமாக எழும், அவ்வளவுதான்.

"குறி சுத்தம். ஆனா நீங்க கையைத் தூக்குறதுக்குள்ள மத்தவங்க சுட்டுட்டு டீ குடிக்கப் போயிடறாங்க," என்றார் பயிற்சியாளர். துப்பாக்கி சுடும் கிளப்பின் அணியில் ஓர் இடம்தான் காலி. கோடை முடிந்ததும் தேர்வு.

கடிகாரக்காரர் வீட்டிலும் பழகத் தொடங்கினார். சுவரில் கறுப்புப் புள்ளி, கையில் குண்டில்லாத ஏர் பிஸ்டல். டைமர் நினைத்த நேரத்தில் 'பீப்' என்னும். கை எழ வேண்டும். விசையை வெடுக்கென்று இழுக்காமல் அழுத்த வேண்டும்.

மனைவி நர்ஸ். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குபவள். மறுநாளே எழுந்து வந்து, டைமரின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனாள்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒலிக்கும் வேறொன்று வேண்டும். எதிர் அறைக் கட்டிலில் மாமனார் இருமினார். சளிக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்தவர். திறந்த கதவு வழியே மருமகனைப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

இருமலுக்குக் கை எழுந்தது. வாரங்கள் போகப்போக, இருமல் முடியுமுன் எழுந்தது. பயிற்சியாளர் முதுகில் தட்டினார்.

பிறகு ஒருநாள் கிளப்பில், பக்கத்தில் நின்றவர் இருமினார். 'பீப்' வரவில்லை. கை மட்டும் எழுந்தது.

"தேர்வுல இப்படி முந்தினா ஒரு தடவை எச்சரிப்பாங்க. அடுத்த தடவை வீட்டுக்குத்தான்," என்றார் பயிற்சியாளர்.

இருமலை நிறுத்துவதுதான் வழி. சிரப் வாங்கினார். மாமனார் மறுக்காமல் குடித்தார். மருமகன் புள்ளிக்கு முன்னால் நின்றதும் இருமினார். மருமகன் மருந்தை மாற்றினார். பலனில்லை. இருமலைக் கேட்டும் அசையாமல் நிற்கப் பார்த்தார். கை எழாவிட்டால் இருமல் இன்னும் பலத்தது. கை எழுந்தபின்தான் ஓய்ந்தது.

மனைவி உருகிப்போனாள். "பெத்த பொண்ணு நான்கூட இப்படிப் பார்த்துக்கல. ஆனா நான் முழிச்சிருக்கும்போது அப்பா இருமறதே இல்லையே?"

"உனக்காக அடக்கிக்கறார்," என்றார்.

தேர்வன்று அவளுக்குப் பகல் பணி. இவ்வளவு இருமலோடு அப்பாவைத் தனியாக விட வேண்டாம் என்றாள். அழைத்துப் போனார். இருமாதீர்கள் என்று மாமனாரிடம் எந்த மருமகன் சொல்வான்? கடைசி வரிசையில் உட்காரவைத்து, கை நிறைய இருமல் மிட்டாய் கொடுத்தார்.

அரங்கம் அடங்கியது. பின்னால் மிட்டாய் கடிபடும் சத்தம். பிறகு இருமல். கை எழுந்தது. எச்சரித்தார்கள்.

மறுபடி அமைதி. மறுபடி இருமல்.

திரும்பும் பேருந்தில் மாமனாருக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார். நோயாளியைக் கோபித்து என்ன பயன்?

"நாளைக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கலாம் மாமா. இந்த இருமலை இப்படியே விடக்கூடாது."

மாமனார் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இருமல் போய் மாசக்கணக்காச்சு மாப்பிள்ளை. உங்களுக்குக் கை எழும்பணுமேன்னுதான் விடாம இருமிக்கிட்டிருக்கேன்."