பொன் ஊறும் தையற்காரர்

தையற்கடை வாசலில் அவ்வளவு கூட்டம். துணியோடு வந்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் தையற்காரரின் கண்ணிமையைத் தொட வந்தவர்கள். இரண்டு இமைகளிலும் கழுத்திலும் மஞ்சள் மஞ்சளாகத் திட்டு. "உடம்புக்குள்ள தங்கம் ஊறுது" என்று பொன்வாக்குச் சாமி சொல்லிவிட்டார். போதாதா? ஊரே திரண்டுவிட்டது.

சாமி சும்மா சொல்லவில்லை, சான்றும் வைத்திருந்தார். தையற்காரரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்தி வைப்பார். சிவப்பு அடியில் உறைய, மேலே மஞ்சள் நீர் தெளியும். அதுதான் பொன்நீராம்! ஒரு சொட்டைக் கையில் தடவிக்கொண்டால் செல்வம் கொழிக்குமாம். விலை கேட்காதீர்கள், தங்க விலைதான்.

தோல் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்: ரத்தத்தில் வேண்டாத புரதம் பெருகினால் அபூர்வமாக இப்படித் திட்டு வரும், உடனே சோதிக்க வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். சாமி தடுத்துவிட்டார். ஆஸ்பத்திரி ஊசி பட்டால் தங்கம் தகரமாகிவிடுமாம். அவர் மட்டும் பூவால் குத்துகிறார் போலிருக்கிறது!

தையற்காரரின் மனைவி அழுது பார்த்தாள். நான்கு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் அவள் தங்கை வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். துணி வெட்டும் மேசையில் மூன்று குழாய்களை வரிசையாக நிறுத்தினாள்.

"சாமி, காலையில நீங்க எடுத்த குழாயோட, நான் கொண்டுவந்த ரெண்டையும் கலந்து வெச்சிருக்கேன். அடியில சீட்டு ஒட்டியிருக்கு. மாமாவோடது எதுன்னு சொல்லுங்க."

மூன்றிலும் மேலே மஞ்சள் நீர். சாமிக்கு வேர்த்தது. கூட்டம் பார்க்கிறதே! கண்ணை மூடினார், முணுமுணுத்தார், ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"இதோ! சுத்தத் தங்கம்!"

இரண்டு பேர் கும்பிட்டே விட்டார்கள்.

அவள் குழாயை வாங்கி அடிச்சீட்டைப் படித்தாள். "இது கழுதை ரத்தம், சாமி. கால்நடை ஆஸ்பத்திரியில வாங்கினது. இன்னொண்ணு என்னோடது. யார் ரத்தத்தை நிறுத்தி வெச்சாலும் மேல மஞ்சளாத்தான் தெளியும். நம்பலேன்னா கையை நீட்டுங்க, உங்களுதையும் பாத்துடலாம்."

சாமி கையை நீட்டவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் நடையைக் கட்டினார்.

தையற்காரர் சட்டைக் கையை மடித்தார். "ஊசி குத்தி ரத்தம் எடும்மா. இத்தனை நாளா முட்டாளா இருந்துட்டேன். இன்னும் நேரம் இருக்கா?"

"இருக்கணும் மாமா. ஆனா இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

கூட்டம் கலைந்தது. கும்பிட்ட இரண்டு பேர் மட்டும் நின்று கேட்டார்கள்: "அந்தக் கழுதையை எங்கம்மா கட்டி வெச்சிருக்காங்க?"

கழுதையை விட்டுவிடுங்கள், ஐயா! அது பாவம், நாள் முழுக்க உழைக்கிறது. வேலையில்லாமல் சும்மா கிடப்பது உங்கள் மூளைதான்!