முன்கூட்டியே கவலைப்பட்ட வாசகி

உலக வெப்பத்தை ஒன்றரைப் பாகைக்குள் நிறுத்தி வைப்பது எப்படியென்று தெரியாமல் மனித குலம் மாநாட்டுக்கு மேல் மாநாடு கூட்டிக்கொண்டிருந்த காலத்தில், கிளிநொச்சியில் அக்கராயனுக்குத் தெற்கே பாலையடிக்குளத்தில் நாங்கள் அந்த வேலையை ஒரு சனிக்கிழமை முற்பகலில், தேநீர் இடைவேளையுடன், முடித்துக் கொடுத்தோம். வரலாறு இதை எழுதப்போவதில்லை. ஆகவே வாசகர் வட்டத் தலைவி என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

எங்கள் ஆயுதம் கதை. ‘பசும் நாளை’ என்ற கொழும்பு நிறுவனம் ஒரு காலநிலைக் கதையை அச்சடித்து, அதை வாசித்தால் சனத்தின் மனம் எவ்வளவு மாறுகிறது என்று அளக்க எங்களைத் தெரிவு செய்திருந்தது. அளப்பதற்கு இணைப்பாளர் பிரசாந்தன் வந்திருந்தார். வாசிக்க முன் ஒரு படிவம், வாசித்த பின் ஒரு படிவம். முதலாவதில் ஒரே கேள்விதான்: காலநிலை பற்றிய உங்கள் கவலை பத்துக்கு எத்தனை?

முன்வரிசையில் இருந்த பேச்சியம்மா பத்துப் போட்டார்.

“அம்மா, இப்பவே பத்துப் போட்டால் கதை வாசிச்ச பிறகு எங்கை ஏத்துறது?” என்று பிரசாந்தன் பணிவாகக் கேட்டார். “நாலைப் போடுங்கோ.”

“பத்துதான் தம்பி இருக்கு. குளக்கட்டுக்குக் கீழ மூணு ஏக்கர் வெதச்சு முப்பத்தஞ்சு நாளாச்சு. கட்டு கசியுது.”

“அது உங்கட சொந்தக் கவலை. நாங்கள் கேக்கிறது பூமியைப் பற்றி.”

“நானும் பூமியிலதான் வெதச்சிருக்கேன்.”

ஆய்வின் தூய்மை கருதி அவருக்கு வேறொரு படிவம் கொடுக்கப்பட்டது. அதில் நாலு ஏற்கெனவே வட்டமிடப்பட்டிருந்தது.

கசிவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர் வீரகத்தியரிடம் பேச்சியம்மா மூன்று தரம் போனது உண்மை. வீரகத்தியர் அவரை விரட்டவில்லை. கதிரை போட்டு இருத்தித்தான் சொன்னார்.

“கசிவுக்குப் படிவம் இல்லை, பேச்சியம்மா. உடைவுக்குத்தான் இருக்கு. உடையட்டும், நானே நிரப்பித் தாறன்.”

நிர்வாகம் என்றால் இதுதான்.

கதை வாசிக்கப்பட்டது. அது 2090ஆம் ஆண்டில் நடக்கிறது. கடல் கிளிநொச்சி வரை வந்துவிடுகிறது. ஒரு சிறுமி உலகின் கடைசி மாங்கன்றைக் கட்டியணைத்து அழுகிறாள். கடல் மனமிரங்கித் திரும்பிப் போகிறது. மண்டபமே மூக்கை உறிஞ்சியது. வீரகத்தியர் சால்வையால் இரண்டு கண்களையும் ஒற்றினார்.

பேச்சியம்மா கையை உயர்த்தினார். “வந்த தண்ணி எந்த வழியால திரும்பிப் போச்சு? வாய்க்கால் இருந்துச்சா?”

“அது குறியீடு, அம்மா.”

“குறியீடு நல்லா வடியும் போல.”

அப்படிப்பட்ட வாசகர்களும் உண்டு. ஆனால் எண்கள் பொய் சொல்லா. சராசரிக் கவலை நாலிலிருந்து ஒன்பதரைக்கு ஏறியிருந்தது. தேநீருக்கு முன் இவ்வளவு கவலையை விளைவித்த ஊர் இந்த மாகாணத்திலேயே கிடையாது.

இரண்டாம் படிவத்தின் கடைசிக் கேள்வி: இக்கதை உங்களை என்ன செய்யத் தூண்டுகிறது? நிரப்பிய எல்லோருக்கும் ஒரு மாங்கன்று, சிறந்த பதிலுக்குப் பரிசு. முப்பது பேர் ‘மரம் நடுவேன்’ என்று எழுதியிருந்தார்கள். பேச்சியம்மா இப்படி எழுதியிருந்தார்:

‘பெரிய பாலை மரத்துக்குக் கிழக்கால கட்டுல தண்ணி கசியுது. வியாழக்கிழமை ஓட்டைக்குள்ள விரல் போச்சு. நேத்து கை போச்சு. அடுத்த மழைக்கு முந்தி இருவது மண் மூட்டையும் ஆறு ஆளும் வேணும்.’

பிரசாந்தனுக்கு உடம்பு புல்லரித்தது. “கதையை அம்மா தானே தொடர்ந்து எழுதியிருக்கிறா. ‘படைப்பூக்க எதிர்வினை’ எண்டு ஆய்வில சொல்லுறது இதைத்தான்.” என்னிடம் ஒலிபெருக்கியைத் தந்தார். நான் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். ‘கை போச்சு’ என்ற இடத்தில் சற்று நிறுத்தினேன்.

“அது கதையில்ல தம்பி. நேத்துப் பாத்தது.”

“அதுதான் அம்மா, கண்ணால கண்ட மாதிரியே இருக்கு.”

முதற்பரிசு ஒரு சான்றிதழ், கண்ணாடிச் சட்டம் போட்டது. பேச்சியம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வேணாங்க. புத்தகமும் மாங்கன்றும் வந்த உரப்பைங்க வெளிய கெடக்கு. அதைத் தருவீங்களா? மண்ணு போட்டு வைக்கிறேன்.”

“அது திட்டத்தின்ரை உடைமை, அம்மா. எண்ணித் திருப்பிக் குடுக்கவேணும்.”

செவ்வாய்க்கிழமை மழை பெய்தது. பெரிய பாலை மரத்துக்குக் கிழக்கே கட்டு உடைந்தது. பேச்சியம்மாவின் மூன்று ஏக்கரிலும் முழங்கால் உயரத்துக்கு மணல்.

வாக்குறுதி தவறாத வீரகத்தியர் அன்றே படிவம் நிரப்பினார். அடுத்த கிழமை, குளங்களுக்குப் பொறுப்பான திணைக்களத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்து, அதே மண்டபத்தில் அமர்ந்தார். அவர் தீர்மானிக்க வேண்டியது ஒன்றுதான். முன்னரே அறிவித்தும் கவனிக்காமல் விட்ட உடைவு என்றால், திணைக்களம் மணலை அள்ளி வயலை மீட்டுக் கொடுக்கவேண்டும். இயற்கையின் செயல் என்றால், மணல் பேச்சியம்மாவுக்கே சொந்தம்.

“ஒருத்தரும் அறிவிக்கேல்லை, ஐயா,” என்றார் வீரகத்தியர். “இது காலநிலை மாற்றம். உலகப் பிரச்சினை. பாலையடிக்குளம் தனிய என்ன செய்யும்?”

சனம் தலையாட்டியது. இரண்டு கிழமைக்கு முன் இந்தச் சொற்களே இங்கு ஒருவருக்கும் தெரியாது. கதையின் வலிமை அத்தகையது.

பேச்சியம்மா எழும்பினார். “அறிவிச்சேன் ஐயா. எழுதித்தான் குடுத்தேன். தலைவியம்மாகிட்ட இருக்கு.”

பரிசு பெற்ற பதிலென்று வட்டத்தின் கோப்பில் வைத்திருந்த படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். பெயர், திகதி, கையொப்பம் எல்லாம் இருந்தன.

“அது கதைப் போட்டிக்கு எழுதினது, ஐயா,” என்றார் வீரகத்தியர். “முதற்பரிசும் குடுத்தவை.”

அதிகாரி அதை மெதுவாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அம்மா, இதை நீங்கள் வாசிச்சனீங்களோ?”

“ஓம். ரெண்டு தரம். ஒருக்கா ஒலிபெருக்கியிலை.”

“வாசிச்சுப்போட்டு என்ன செய்தனீங்கள்?”

“கை தட்டினனாங்கள்.”