மல்லி மூட்டை மேல் ஒன்பதடிப் பலகை

விருதுநகர்,
18.8.2008

அன்பு மகள் சித்திகாவுக்கு அம்மா நசிமா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சென்னையில் நீ படிப்போடும் சுகத்தோடும் இருக்க துஆ செய்கிறேன். இங்கே அத்தா நலம். நானும் நலம், இடது கால் பெருவிரல் நீங்கலாக.

கோவளத்தில் நடக்கும் நீளப் பலகை அலைச்சறுக்குப் போட்டிக்குப் பெற்றோர் கையெழுத்துக் கேட்டுப் படிவம் அனுப்பியிருந்தாய். "அலை பலகையைக் கொண்டுபோகும், நான் அதன் மேல் பின்நுனி வாலிலிருந்து முன்நுனி மூக்கு வரை நடப்பேன், அவ்வளவுதான் அம்மா" என்று எழுதியிருந்தாய். அத்தா வாசித்துவிட்டு, "நடக்கத்தான போறேங்கிறா? நீயே நடந்து பாரு. சரின்னாக் கையெழுத்துப் போடு, இல்லாட்டி கிழிச்சிரு" என்று சொல்லிவிட்டார். மறுப்பதானாலும் காரணத்தோடு மறுக்க வேண்டும் என்று நினைப்பவள் நான். ஆகவே சரக்கு அடுக்கும் நம் மிளகாய் வத்தல் கிட்டங்கியில் லோடு ஏற்றும் ஒன்பதடிப் பலகையை இரண்டு கொத்தமல்லி மூட்டைகள் மேல் போட்டு, நீ எழுதியிருந்தபடியே முழங்காலை மடக்கி, பார்வையை நேரே வைத்து, ஒரு காலுக்குக் குறுக்கே மறு காலை வைத்தேன். முதல் நாள் இரண்டாம் அடியில் பெருவிரலில் சிராய் ஏறியது. மறுநாள் மூட்டை உருண்டு வத்தல் குவியலில் விழுந்தேன். அந்த நேரம் பார்த்து அத்தா ஒரு திண்டுக்கல் வியாபாரியோடு உள்ளே வந்தார்.

"யாரு பாய் அது?"

"வீட்டுல. சரக்குப் பாக்குறாக."

"பலகை மேல ஏறியா?"

"மேல நின்னு பாத்தாத்தான் தரம் தெரியும்."

வியாபாரி செருப்பைக் கழற்றிவிட்டு, தானும் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

மூன்றாம் நாள் மழை. அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு விட்டதால் அங்கே வேலை பார்க்கும் சின்னத்தாய் நம்மிடம் வத்தல் காம்பு கிள்ள வந்தாள். நான் நடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னக்கா, காலை இப்பிடித் தேய்க்கீக? மருந்து ரூம்ல இப்பிடித் தேய்ச்சா ஃபோர்மேன் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிருவாரு. தூக்கி வைங்க." பிறகு ஏறி, கீழே பார்க்காமல், முன்னும் பின்னுமாக நாலு தடவை நடந்து காட்டினாள். "அங்கன கால் தப்புனா ரூமே போயிரும். இங்கன நீக மட்டுந்தான விழுவீக?"

நாற்பத்து நாலு வருஷமாக நான் காலைத் தேய்த்துத்தான் நடந்திருக்கிறேன் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. கீழே மல்லி இருக்கும்போதே இந்தப் பாடு. உனக்குக் கீழே கடல், அதுவும் சும்மா இருக்காத கடல். எங்களுக்கு நீ ஒருத்தி. அதனால் கையெழுத்துக் கிடையாது. இது முடிந்த முடிவு.

நேரத்துக்குத் தொழு, ஈரத் தலையோடு தூங்காதே. அல்லாஹ் உன்னைக் கரையிலேயே வைத்துக் காப்பானாக.

உன் அம்மா,
நசிமா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும் முன் கடைசியாக ஒரு தடவை காலைத் தூக்கி வைத்து நடந்து பார்த்தேன். மூக்கு வரை போய்விட்டேன். விரல் ஐந்தும் பலகைக்கு வெளியே. என்னவோ போல், இறங்கவே மனசு வராமல் இருந்தது. படிவம் கையெழுத்தோடு உள்ளே இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த உன் அத்தா, "இம்புட்டுத்தானா?" என்று ஏறி மூக்குக்குப் போய்விட்டார். திரும்பி வரத் தெரியவில்லை. கீழே குதித்தால் தோற்ற மாதிரி ஆகுமாம். எப்படித் திரும்புவது என்று இது கிடைத்ததும் போன் பண்ணிச் சொல்லு, கடிதம் எழுதாதே. மனிதர் நின்றுகொண்டிருக்கிறார்.