குருக்கத்தி மேட்டில் பெண்கள் இல்லை

ஏழு மலைகளுக்குக் கீழே விரிந்து கிடந்த வேங்கை நாட்டில், குடிகள் வாய் திறந்து குறை சொல்லலாமா என்று அரசருக்கும் சபைக்கும் வழக்கு வந்தது. கூடாது என்றார் அரசர். சொல்லலாம் என்றது சபை. நாலு வருஷம் சண்டை. கடைசியில் குருக்கத்தி மேட்டில் ஒரே காலைப்பொழுதில் எல்லாம் முடிந்தது. அரசரின் படை சிதறி ஓடியது.

விரட்டிப் போன சபையின் குதிரைவீரர்கள், பின்னால் இருந்த கூடாரங்களுக்குள் புகுந்தார்கள். அங்கே மலைநாட்டுப் பெண்கள் அரசர் படையில் இருந்த தங்கள் புருஷன்மாருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பயத்தில் அவர்கள் அலறிய மலைப்பேச்சு வீரர்களுக்குப் புரியவில்லை. மந்திரம் போடுகிறார்கள் என்று வெட்டினார்கள். நூறு பேர் செத்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியான செங்காயி கன்னத்தில் வெட்டோடு தப்பினாள். அவள் தங்கை குரும்பாயி தப்பவில்லை.

காயம் ஆறியதும் செங்காயி தலைநகருக்கு நடந்தாள். ஆட்சி இப்போது சபையினுடையது. தலைமைச் செயலர் விழுப்பரையர் அவளை மரியாதையாக உட்காரவைத்தார். அவள் பேச்சைச் சபை மொழியில் மாற்றிச் சொல்ல உடையப்பன் நின்றான். அவனும் மலைநாட்டுக்காரன்.

“என் தங்கச்சிய ஏன் வெட்டினாங்க? அவ கையில அகப்பதான் இருந்துச்சு.”

உடையப்பன் அதை மாற்றிச் சொன்னான். விழுப்பரையர் வருத்தத்தோடு தலையசைத்தார்.

“நம் படை பெண்களை வெட்டாது அம்மா. ஆகவே வெட்டப்பட்டவர்கள் பெண்கள் அல்லர்.”

உடையப்பன் அதை மாற்றிச் சொன்னதும் அவள் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். “நான் பொம்பளதானே? என்னையும் வெட்டினாங்களே!”

சபை மூன்று நாள் கூடி ஆராய்ந்தது. நான்காம் நாள் விழுப்பரையர் ஆணையை வாசித்தார். இறந்த நூறு பேரும் சேலை கட்டி வந்த எதிரி வீரர்கள். மலைப்பேச்சு அவர்களுடைய போர்ச் சங்கேதம். இந்தக் கணம் முதல் அதைப் பேசுவதும் புரிந்துகொள்வதும் தேசத்துரோகம். மனு கொடுத்தவர் வெளியூர்க்காரர் என்பதால் இன்று ஒருநாள் மன்னிப்பு.

இதை அவளுக்கு மாற்றிச் சொல்ல உடையப்பன் வாய் திறக்கவில்லை.

“வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?” என்றார் விழுப்பரையர்.

எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு செங்காயி பேசினாள். குரும்பாயிக்குப் பத்தொன்பது வயசு என்றாள். எங்கே புதைத்தார்கள் என்று மட்டும் காட்டினால் போதும் என்றாள்.

“என்ன சொல்கிறார்?”

உடையப்பன் தரையைப் பார்த்தான். “தெரியவில்லை ஐயா.”

வாசலில் அவள் அவனுக்காகக் காத்திருந்தாள். “அண்ணே, எங்கன்னு சொன்னாங்களா?”

இரண்டு காவலர்கள் திரும்பினார்கள். உடையப்பன் அவளைப் போய்விடச் சொல்லி அவசரமாகக் கையை வீசினான்.

“நீங்கள் பேசுவது எனக்குப் புரியவில்லை அம்மா” என்றான், சபை மொழியில்.

அவளுக்கு அது புரியவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அவன் கை காட்டிய திசையில் தங்கையைத் தேடி நடந்தாள்.