மேசை விரிப்பும் மேடைப் பேச்சும்

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. ஆண்டவன் கருணையால் இங்கே எல்லோரும் நலம். உன் குடும்பத்துக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் அறைக்கு மின்விசிறி வேண்டுமென்று மேலதிகாரி முன்னால் பேச உன்னையே பிடித்துத் தள்ளிவிட்டார்கள், அதிலிருந்து சோறு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். பயப்படாதே, போன வாரம் நானே மைக் பிடித்துவிட்டேன். எங்கள் குடியிருப்பு லிஃப்ட் நடுவழியில் நின்று நின்று பழகிவிட்டதால், முழங்கால் வலியோடு இருக்கும் என் மாமியார் நாலாவது மாடியை விட்டு இறங்கவே இல்லை. கீழ்வீட்டுத் தோழியோடு பால்கனியிலிருந்தே கத்திப் பேசுவதில் எங்கள் வீட்டு ரகசியம் ஒன்றுகூட மிச்சமில்லை. சங்கச் செயலாளரோ, "லிஃப்ட்டுக்கு என்னங்க, ஜம்முனு போகுது" என்கிறார். சரி, கூட்டத்தில் கேட்டுவிடுவோம் என்று, துவைத்த துணியை மடித்துக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். அங்கேதான் தப்பு. மேடையில் வெறுங்கையோடு நின்றால் ஒரு வார்த்தை வரவில்லை. வாய்க்குத் துணி வேண்டியிருக்கிறது. கை தானாக மேசை விரிப்பை உருவியது, தண்ணீர் டம்ளர் தலைவர் மடியில் கவிழ்ந்தது, ஒரு மடிப்பு மடித்தேன் பாரு, பேச்சு கொட்டோ கொட்டென்று கொட்டியது. "யக்கா, எங்க வீட்டுப் போர்வையும் கெடக்கு, வந்து மடிச்சுட்டுப் போங்க" என்று பின்வரிசைத் தையல்காரி குரல் கொடுக்க, சபையே சிரித்தது. நானும் சிரித்தேன், பயம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே ஆள் வந்து லிஃப்ட்டைச் சரிசெய்துவிட்டார். மாமியார் வேலை எதுவும் இல்லாமலே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆகையால் கேள். கையில் ஒன்றும் இல்லாமல் ஒத்திகை பார். பேச்சும் வீட்டுக்கணக்கு மாதிரிதான், ஒவ்வொரு வரியாக வாசித்தால் கேட்பவன் கொட்டாவி விடுவான். கடைசியில் நிற்கும் தொகையை முதலில் சொல்லிவிடு. யாரைக் கண்டால் நடுக்கமோ அவர் பக்கம் திரும்பாதே. நான் செயலாளர் நாற்காலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிரித்தார்களானால் சேர்ந்து சிரி. சொல்ல வந்தது முடிந்ததா, உட்கார்ந்துவிடு.

உன் நாவில் ஆண்டவன் குடியிருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா

பி.கு.: தபாலில் போட லிஃப்ட்டில் இறங்கி வந்தேன். காவலாளி சிரிக்கிறார். "உங்க பேச்சைச் செயலாளர் எங்கம்மா கேட்டாரு? கூட்டத்துக்கு லிஃப்ட்ல கெளம்பினவரு, கூட்டம் முடியறவரைக்கும் ரெண்டாவது மாடிக்கு மேல தொங்கிட்டிருந்தாரு. நாந்தான் கதவை நெம்பி எறக்கினேன்." ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. ஒரு மத்தியானம் உன் மேலதிகாரியை உங்கள் அறையில் உட்காரவைத்து, வெளியே தாழ்ப்பாள் போடு. மற்றதை ஆண்டவன் பார்த்துக்கொள்வார்.